வேலையின் அளவு, நாளின் அளவு

கட்டுமான அட்டவணை போடுகிறவர்களில் பலர் ஆட்களையும் இயந்திரங்களையும் மென்பொருளில் ஒழுங்காக ஏற்றிவிடுவார்கள். கான்கிரீட், கம்பி, பலகை, டீசல் என்று பொருள்களின் பக்கம் வரும்போது கை தளர்ந்துவிடும். மொத்தத் தொகை ஒன்றைப் போட்டுவிட்டு, அதைக் கியூஎஸ் (அளவு மதிப்பீட்டாளர்) பார்த்துக்கொள்வார் என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். எனக்கு அது மனம் ஒப்பாத காரியம். நாலாம் மாடித் தளத்துக்கு எதிரே 120 கன மீட்டர் என்று நான் எழுதினால், அந்த எண்ணை நம்பி ஒருவர் கான்கிரீட் ஆலைக்குப் போன் போடுகிறார். 15 லாரிகள் பிகேஇ விரைவுச்சாலையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புகின்றன. பம்ப் வண்டிக்காரர் விடியுமுன்னே வந்து கால்களை ஊன்றி நிற்கிறார். தளத்தின் மேலே புதுக்கோட்டைக்காரர்களும் தஞ்சாவூர்க்காரர்களும் பங்களாதேஷ்காரர்களும் பூட்ஸ் மாட்டிக் காத்திருக்கிறார்கள். இத்தனை பேரின் ஒரு நாள் அந்த எண்ணில் தொங்குகிறது. ஆகவே அதை எழுதுவதற்கு முன் எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும்.

நான் வேலை பார்ப்பது சிங்கப்பூரின் வடக்கு ஓரத்தில், உட்லண்ட்ஸில். தாமஸ்–ஈஸ்ட் கோஸ்ட் ரயில்பாதையின் முதல் மூன்று நிலையங்கள் இங்கேதான் 2020 ஜனவரி 31 அன்று திறந்தன. ஜோகூர் பாருவுக்குப் போகும் ஆர்டிஎஸ் ரயிலின் மேம்பாலம் ஜலசந்திக்கு மேலே 25 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. இரண்டு நாட்டுப் பக்கங்களையும் இணைத்த பகுதி 2024 ஜனவரியில் முடிந்தது. அவ்வளவு பெரிய வேலைகளில் நான் இல்லை. நான் இருப்பது ஒரு சாதாரண அடுக்குமாடிக் கட்டடத்தில். ஆனால் பொருளின் அளவை எழுதும் முறை பாலத்துக்கும் வீட்டுக்கும் ஒன்றுதான்.

மைக்ரோசாஃப்ட் புராஜெக்டில் ரிசோர்ஸ் என்பது மூன்று வகை: ஒர்க், மெட்டீரியல், காஸ்ட். மெட்டீரியல் என்ற வகை 2000 பதிப்பில் வந்தது. ரிசோர்ஸ் ஷீட்டில் டைப் என்ற கட்டத்தை மெட்டீரியல் என்று மாற்றியதும் அந்த வரிசையில் சில கட்டங்கள் அடைபட்டுவிடும். மேக்ஸ் யூனிட்ஸ் கிடையாது, காலண்டர் கிடையாது, ஓவர்டைம் கட்டணம் கிடையாது. பதிலுக்கு லேபிள் எழுத ஓர் இடம் திறக்கும். கான்கிரீட்டுக்குக் களைப்பு இல்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லை, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற வரம்பும் இல்லை என்று மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. இது பாதிதான் உண்மை. மறுபாதியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் சாய்கோடு. அசைன்மென்டில் யூனிட்ஸ் கட்டத்தில் 120 என்று மட்டும் அடித்தால் அது நிலையான அளவு. வேலை மூன்று நாளில் முடிந்தாலும் ஐந்து நாளில் முடிந்தாலும் மொத்தம் 120 கன மீட்டர்தான். நாளுக்கு 40 என்று பிரித்துவைத்திருந்ததை மென்பொருள் 24 என்று மாற்றிக்கொள்ளும். அதே 120க்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு நாளைக் குறிக்கும் எழுத்தைச் சேர்த்தால் அது மாறும் அளவு. மூன்று நாள் வேலைக்கு 360. வேலை ஐந்து நாளானால் 600. திரையில் ஒரு கோடுதான் வித்தியாசம். அந்தக் கோட்டைப் போடுவதா வேண்டாமா என்ற கேள்விக்குள்தான் இந்தத் தொழிலின் முக்கால் பங்கு இருக்கிறது என்பது என் கட்சி. இந்தப் பொருள் வேலைக்குச் சொந்தமா, நாளுக்குச் சொந்தமா? ஒவ்வொரு வரிக்கும் இதைக் கேட்காமல் நான் அடுத்த வரிக்குப் போவதில்லை.

கான்கிரீட் வேலைக்குச் சொந்தம். தளத்தின் நீளமும் அகலமும் தடிமனும் நாளைப் பார்த்து மாறுவதில்லை. கம்பியும் அப்படியே. டைல்ஸ், பெயின்ட், குழாய் எல்லாம் அப்படியே. ஆனால் அடித்தளக் குழியில் ஊறும் தண்ணீரை இறைக்கிற பம்புக்கான டீசல் நாளுக்குச் சொந்தம். வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் தண்ணீர் ஊறிக்கொண்டேதான் இருக்கும். 20 நாள் குழி என்று கணக்குப் போட்டு 1,800 லிட்டர் என்று நிலையான அளவாக எழுதிவிட்டால், குழி 35 நாளுக்கு நீளும்போது திரை அதே 1,800ஐக் காட்டிக்கொண்டிருக்கும். தளத்தில் 3,150 லிட்டர் எரிந்திருக்கும்.

இந்த டீசல் வரியிலேயே இன்னொரு நுணுக்கம் உண்டு. பம்ப் இரவும் பகலும் ஓடுகிறது என்று அந்த வேலைக்கு 24 மணி நேரக் காலண்டரைக் கொடுக்கிறோம். நாளுக்கு 90 லிட்டர் என்று எழுதுகிறோம். மென்பொருளின் கணக்கில் ஒரு நாள் என்பது ஆப்ஷன்ஸ் பக்கத்தில் எத்தனை மணி என்று வைத்திருக்கிறோமோ அது, பெரும்பாலும் எட்டு. ஆகவே 90 லிட்டர் எட்டு மணிக்கு ஒருமுறை விழும், சூரியன் உதித்து மறுபடி உதிப்பதற்குள் 270 ஆகிவிடும். இதற்கு மணிக்கணக்கில் எழுதுவதுதான் வழி. மணிக்கு 3.75 லிட்டர், காலம் 480 மணி. பெருக்கினால் 1,800. நாள் என்ற சொல்லை மென்பொருளோடு பேசும்போது நான் கூடுமானவரை தவிர்க்கிறேன். சிங்கப்பூரில் இது இன்னும் அவசியம். குடியிருப்புக்கு 150 மீட்டருக்குள் இருக்கிற தளங்களில் ஞாயிறும் பொதுவிடுமுறையும் வேலை கூடாது என்ற விதி 2011 செப்டம்பர் முதல் தொடங்கிய தளங்களுக்கு இருக்கிறது. ஆக ஒரே அட்டவணைக்குள் ஆறு நாள் வாரத்தில் ஓடும் வேலையும் ஏழு நாளும் ஓடும் பம்பும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

வேலைக்குச் சொந்தமானதையும் நாளுக்குச் சொந்தமானதையும் பிரித்து எழுதிவைத்தவர்களுக்கு அதன் பலன் 2020இல் தெரிந்தது. ஏப்ரல் 7 அன்று சர்க்கியூட் பிரேக்கர் என்ற கோவிட் முடக்கம் தொடங்கியது. தளங்கள் நின்றன. கிரேன்கள் அசையாமல் நின்றன, ஊழியர்கள் தங்கும் விடுதிகளுக்குள் அடைபட்டார்கள். அந்த நாள்களில் கான்கிரீட் ஒரு கன மீட்டர்கூடக் கூடவில்லை. கூடியதெல்லாம் நாளுக்குச் சொந்தமான வரிகள்தான்: வாடகை இயந்திரம், காவல், மின்சாரம், பொருள் வைக்கும் கிடங்கு. தாமதத்தால் வந்த இத்தகைய செலவுகளை வேலை கொடுத்தவரும் எடுத்தவரும் ஒரு வரம்புக்குள் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும்படி பிறகு சட்டமே வந்தது. இந்த வரிகளை முன்னரே தனியாக எழுதி வைத்திருந்தவருக்குக் கோரிக்கை எழுதுவது, அட்டவணையில் தேதியை நகர்த்திப் பார்த்துவிட்டு வித்தியாசத்தை எடுத்து எழுதும் வேலையாக இருந்தது. எல்லாவற்றையும் ஒரே மொத்தத் தொகையில் போட்டிருந்தவர்கள் பழைய பில்களைக் கட்டுக்கட்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் பொருள்களும் இருக்கின்றன. எனக்கு அவைமீது தனிப் பிரியம். ஷட்டரிங் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். 600 சதுர மீட்டர் தளத்துக்கு 600 சதுர மீட்டர் பலகை வேண்டும். மேல் மாடிக்கும் அதே 600. ஆனால் புதுப் பலகை வாங்கப்போவதில்லை. கீழே கழற்றியதை மேலே ஏற்றுகிறோம். சில முறை பயன்பட்டபின் ஓரம் சிதைந்து, முகம் உரிந்து, தூக்கிப் போடும் நிலைக்கு வரும். இதை மாடிதோறும் 600 என்று எழுதினால் பத்து மாடிக்கு 6,000 சதுர மீட்டர் வாங்கவேண்டும் என்று மென்பொருள் சொல்லும். அது பொய். முதல் மாடியில் மட்டும் எழுதிவிட்டு மற்றதை வெறுமையாக விட்டால், பலகை தேய்வதே இல்லை என்று ஆகிவிடும். அதுவும் பொய். நான் செய்வது இதுதான்: புதுப் பலகை இறங்க வேண்டிய மாடிகளை ஷட்டரிங் ஃபோர்மேனோடு உட்கார்ந்து குறித்துக்கொள்கிறேன். அந்த மாடிகளில் மட்டும் முழு அளவு. இடையில் உள்ள மாடிகளில் உடைந்து போவதற்கு ஈடாக ஒரு சிறிய அளவு. அந்தச் சிறிய அளவு எவ்வளவு என்று எந்தக் கையேடும் சொல்லாது. பலகையைக் கழற்றுகிறவர் கடப்பாரையை எப்படிப் போடுகிறார் என்பதைப் பொறுத்தது அது. அலுமினிய ஷட்டரிங் போடும் தளங்களில் இந்தத் தொல்லை குறைவு, அங்கே கணக்கு வேறு.

அடுத்து லேபிள். இதை வெறும் அலங்காரமாக நினைப்பவர்கள் அதிகம். புராஜெக்டில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். கன மீட்டர் என்றாலும் சரி, டன் என்றாலும் சரி, மூட்டை என்றாலும் சரி. ஒன்றை இன்னொன்றாக மாற்றிக் கொடுக்கும் அறிவு அதற்குக் கிடையாது. மணலை ஒருவர் டன்னிலும் இன்னொருவர் கன மீட்டரிலும் ஏற்றினால் இரண்டையும் கூட்டி ஒரு மொத்தம் காட்டும். அந்த மொத்தத்துக்கு அர்த்தமே இருக்காது. பிரிமாவேரா என்ற இன்னோர் அட்டவணை மென்பொருளில் அலகுப் பட்டியலை நிர்வாகி முன்கூட்டியே வரையறுத்துவைத்து அதிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்யலாம். அந்தக் கட்டுப்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் ஊர்ப் பிள்ளைகள் தளத்துக்குப் புதிதாக வரும்போது வாயில் யூனிட் என்ற அளவு இருக்கும். தமிழ்நாட்டில் மணலும் ஜல்லியும் யூனிட் கணக்கில்தான் இறங்கும். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது ஏறத்தாழ 2.83 கன மீட்டர். இங்கே வந்த சில மாதத்தில் கியூபிக் என்று பேசத் தொடங்கிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் போனால், சிராங்கூன் சாலை நடைபாதையில் ஒரு சைட்டுக்காரர் இன்னொரு சைட்டுக்காரரிடம் நேற்று எத்தனை கியூபிக் போட்டீர்கள் என்று விசாரிப்பதைக் காதால் கேட்கலாம். மென்பொருளிலோ யூனிட்ஸ் என்ற தலைப்பின் கீழ் ஆளுக்கு 100 சதவீதம் என்றும் பொருளுக்கு வெறும் எண்ணும் வரும். புதிதாக வருகிறவரை இந்தக் கட்டத்தின் முன் உட்காரவைக்கும்போது, லேபிளை முதலில் எழுதச் சொல்லிவிட்டுத்தான் எண்ணைத் தொட விடுவேன்.

இதில் எனக்கு முன்னோர் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இராசராசன் கொடுத்த பொன்னையும் நகையையும் பதியும்போது, எத்தனை கழஞ்சு என்று மட்டும் எழுதவில்லை. எந்தக் கல்லால் நிறுத்தது என்பதையும் எழுதியிருக்கிறார்கள். ஆடவல்லான் என்று பெயரிட்ட கல் பொன்னுக்கு. அதே பெயருள்ள மரக்கால் நெல்லுக்கு. ஊருக்கு ஊர் மரக்கால் மாறும் காலம் அது. ஆயிரம் ஆண்டு கழித்து வாசிக்கிற ஆளுக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று அந்தக் கணக்கர்கள் கருதியிருக்கிறார்கள். என் லேபிள் கட்டத்தில் வெறும் டன் என்று எழுதாமல் மெட்ரிக் டன், வெட்டி வளைத்தது என்று எழுதும்போது அவர்கள் நினைவுக்கு வருவார்கள்.

கம்பிக் கணக்கைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 30 மீட்டருக்கு 20 மீட்டர் தளம், 200 மில்லிமீட்டர் தடிமன். மேலும் கீழும் இரண்டு அடுக்கு, இரண்டு திசையிலும் 12 மில்லிமீட்டர் கம்பி, 150 மில்லிமீட்டர் இடைவெளியில். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும் என்பது தளத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். 12 மில்லிமீட்டருக்கு 0.888. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு திசையில் 6.67 மீட்டர் ஓடும், இரண்டு அடுக்கின் இரண்டு திசைகளுக்கும் சேர்த்து 23.7 கிலோ. 600 சதுர மீட்டருக்கு 14.2 டன். வரைபடத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு இங்கே நின்றுவிடும். ஆனால் கம்பி 12 மீட்டர் நீளத்தில்தான் வருகிறது, தளம் 30 மீட்டர். ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுக்கிற லேப் நீளம் வேண்டும். மேல் அடுக்கைத் தாங்கும் சேர் கம்பி வேண்டும். அவற்றைச் சேர்த்தால் 14.9 டன் பக்கம் வந்துவிடும். ஒரு 12 மீட்டர் கம்பி 10.66 கிலோ. ஆக 1,400 கம்பி. இந்த 1,400 என்ற எண்தான் மேலே நிற்கும் கம்பிக்காரருக்குப் புரியும், 14.9 என்பது வாங்கும் பிரிவுக்குப் புரியும். நான் ரிசோர்ஸில் டன்னை எழுதி, வேலையின் நோட்ஸ் பகுதியில் கம்பி எண்ணிக்கையை எழுதிவைக்கிறேன். இரண்டு பேரும் ஒரே திரையைப் பார்த்துப் பேசிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

சேதாரத்தை நான் அளவுக்குள் புதைப்பதில்லை. நகைக்கடை பில்லில் சேதாரம் தனி வரியாக வருவதுபோல, கான்கிரீட் 120 ஒரு வரி, கான்கிரீட் சேதாரம் 3.6 இன்னொரு வரி. இரண்டையும் சேர்த்து 123.6 என்று ஒரே எண்ணாகப் போட்டால், எது வரைபடம் கேட்டது, எது நம் கைப்பழக்கம் கேட்டது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. வரைபடத்தின் அளவை மாற்ற நமக்கு உரிமை இல்லை. கைப்பழக்கத்தை மாற்ற நிறையவே உரிமை இருக்கிறது.

மென்பொருள் பாதி உண்மைதான் சொல்கிறது என்றேனே, அந்த மறுபாதி இது. பொருளுக்கு வரம்பு இல்லை என்று அது நம்புகிறது. ஆள் போதவில்லை என்றால் சிவப்பில் காட்டும், லெவலிங் செய்து வேலையைத் தள்ளி வைக்கும். கான்கிரீட் போதவில்லை என்று ஒருபோதும் காட்டாது. ஒரே நாளில் நாலு தளத்துக்கும் ஊற்றச் சொன்னாலும் சரி என்று வாங்கிக்கொள்ளும். சிங்கப்பூரில் இதை நம்பக்கூடாது. இந்தத் தீவில் கட்டடத்துக்கு வேண்டிய எதுவும் மண்ணிலிருந்து தானாக எழுவதில்லை. என் சன்னலுக்கு வடக்கே இருக்கும், ஜோகூருக்குப் போகும் காஸ்வேயைக் கட்டியபோது, 1924 ஜூன் 28 அன்று அது முறைப்படித் திறக்கப்படும் வரை, கருங்கல் உள்ளூரிலேயே புலாவ் உபினிலும் புக்கிட் தீமாவிலும் வெட்டப்பட்டது. அந்தக் காலம் போய்விட்டது. 2007 ஜனவரியில் இந்தோனேசியா மணல் ஏற்றுமதியை நிறுத்துவதாக அறிவித்தபோது இங்கே கான்கிரீட் விலை எகிறியது. அடுத்த மாதமே கருங்கல் ஏற்றிய தோணிகளையும் அங்கே பிடித்துவைத்தார்கள். அரசு தன் சேமிப்பு மணலைத் திறந்துவிட்டுத்தான் தளங்கள் மூச்சுவிட்டன. விலையைச் சமாளிக்க மென்பொருளில் வழி இருக்கிறது. ஒரே பொருளுக்குத் தேதி வாரியாக விலை மாற்றம் எழுதலாம், ஐந்து தனி விலைப்பட்டியல் வரை வைத்துக்கொள்ளலாம். பொருளே வராமல் போவதைச் சமாளிக்க அதில் கட்டம் இல்லை.

அதனால் நான் பொருளின் வருகையை ஒரு தனி வேலையாக எழுதுகிறேன். ஆர்டர் கொடுப்பது, வெட்டி வளைப்பது, தளத்தில் இறங்குவது என்று மூன்று கோடு. கடைசிக் கோடு முடிந்தால்தான் கம்பி கட்டும் வேலை தொடங்கும். அந்த வருகை வேலைக்குக் காலண்டர் உண்டு. சீனப் புத்தாண்டுக்கு ஆலை மூடும் நாள்களையும், நோன்புப் பெருநாளுக்கு மலேசிய ஓட்டுநர்கள் ஊருக்குப் போகும் நாள்களையும் அதில் அடைத்துவைப்பேன். பிரீகாஸ்ட் சுவர்கள் பல ஜோகூரில் வார்க்கப்பட்டு எல்லை தாண்டித்தான் வருகின்றன. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் வெள்ளிக்கிழமை மாலை எப்படி இருக்கும் என்று இங்கே குடியிருக்கும் எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பொருளை எந்தக் கிழமையில் எதிர்பார்க்கக்கூடாது என்பதும் அளவின் ஒரு பகுதிதான்.

இனி உண்மையில் எவ்வளவு போயிற்று என்று எழுதும் கட்டம். பாலிடெக்னிக்கிலிருந்து பயிற்சிக்கு வந்திருக்கும் ஒரு பெண், எங்கள் தளத்தில் பர்சென்ட் கம்ப்ளீட் போட்டுக்கொண்டிருந்தாள். நாலாம் மாடித் தளம் 50 சதவீதம் என்று அடித்ததும் கான்கிரீட் 60 கன மீட்டர் செலவானதாகத் தானே நிரம்பியது.

"அண்ணா, இன்னும் ஒரு லாரிகூட வரலையே?" என்றாள்.

சரியான கேள்வி. ஷட்டரிங்கும் கம்பியும் முடிந்ததைத்தான் அவள் 50 என்று எழுதியிருந்தாள். ஒரே கோட்டுக்குள் மூன்று வேலை இருந்தால் மென்பொருள் எல்லாப் பொருளையும் சதவீதத்துக்குப் பிரித்துக் கரைத்துவிடும். ஷட்டரிங், கம்பி, ஊற்றுதல் என்று மூன்றாகப் பிரிக்கச் சொன்னேன். பிரித்தபின், சதவீதத்தை விட்டுவிட்டு டாஸ்க் யூசேஜ் பக்கத்துக்குப் போய், பொருளின் வரியில் ஆக்சுவல் ஒர்க் கட்டத்தில் அந்தத் தேதிக்கு நேராக டெலிவரி ஆர்டர் சீட்டில் உள்ள அளவை எழுதச் சொன்னேன். சீட்டு எங்கே இருக்கும் என்றாள். ஸ்டோரில் இருக்கும் என்றேன்.

ஸ்டோர்கீப்பர் மன்னார்குடிப் பக்கத்துக்காரர். அவரிடம் சீட்டெல்லாம் தேதிவாரியாகக் கம்பியில் குத்தி இருக்கும். நாலாம் மாடித் தளம் ஊற்றி முடிந்ததும் அதற்கான சீட்டுகளைக் கொடுத்தார். முதல் 15 லாரி தலைக்கு 8 கன மீட்டர். 16ஆவது லாரி 4.5. மொத்தம் 124.5.

அந்தக் கடைசி 4.5 எப்படி வந்தது என்பதை அந்தப் பெண்ணுக்குக் காட்ட அடுத்த ஊற்றுக்கு மேலே அழைத்துப் போனேன். கடைசிக்கு முந்தின லாரி காலியாகும்போது சூப்பர்வைசர் டேப்பை எடுத்துக்கொண்டு ஊற்றாமல் மிச்சமிருக்கும் மூலைக்குப் போவார். இவ்வளவு நீளம், இவ்வளவு அகலம், தடிமனுக்குக் கம்பியைக் குத்திப் பார்ப்பது, மனக்கணக்கு, உடனே ஆலைக்குப் போன். ஆலையில் லாரி நிரப்ப, சாலையில் வர எத்தனை நிமிடம் என்பதும் அதே கணக்கில் சேரும். முந்தின கான்கிரீட் இறுகுவதற்குள் அடுத்தது வந்து சேர வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் அவர் செய்வதுதான் பொருளின் அளவை எழுதும் கலையின் உச்சம். நாங்கள் மாதக்கணக்கில் திரையில் செய்வதை அவர் சேற்றில் நின்று செய்கிறார்.

120க்கும் 124.5க்கும் இடையிலான 4.5 எங்கே போயிற்று? தளம் சராசரியாக 5 மில்லிமீட்டர் தடித்துவிட்டது. 600 சதுர மீட்டரில் அது 3 கன மீட்டர். பம்ப் குழாய் 125 மில்லிமீட்டர் விட்டம், 40 மீட்டர் நீளம். அதற்குள் மட்டும் அரை கன மீட்டர் தங்கிவிடும். தொட்டியில் இன்னொரு அரை. சிந்தியது ஓர் அரை. இந்த நாலு எண்ணில் குழாயும் தொட்டியும் தவிர்க்க முடியாதவை, மாடிதோறும் வரும். 5 மில்லிமீட்டர் தவிர்க்கக்கூடியது. முட்டுகளைச் சரிபார்த்து, ஷட்டரிங் மட்டத்தை லெவல் கருவியால் இன்னொருமுறை பார்த்தால் குறையும். முதலில் போட்ட திட்டமான பேஸ்லைனில் 120ம் 3.6ம் அப்படியே நிற்கும்; அதைத் தொடக்கூடாது. ஆக்சுவலில் 124.5. நடுவில் உள்ள 0.9ஐத்தான் ஷட்டரிங் ஃபோர்மேனோடு பேச வேண்டும். 4.5ஐ அல்ல. சேதாரத்தைத் தனி வரியாக வைத்ததால்தான் இந்தப் பேச்சு சண்டையாகாமல் நடக்கிறது.

அவள் ஒரு வாரத்துக்குள் எல்லாச் சீட்டையும் ஏற்றி முடித்தாள். ஸ்டோர்கீப்பரை அழைத்துவந்து திரையைக் காட்டினோம். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு வரி வரியாகப் படித்தார்.

"எல்லாம் இருக்கு தம்பி. கட்டுக்கம்பி எங்க?"

இல்லை. பைண்டிங் வயர் அட்டவணையில் இல்லை.

"அதானே. மாசக் கடைசியில வயர் இல்ல வயர் இல்லன்னு எங்கிட்டதான வந்து நிக்கிறாங்க."

"டன்னுக்கு எவ்வளவு போடுவீங்கண்ணே?"

"பத்துக் கிலோ வச்சுக்குங்க. புதுப் பசங்க கட்டுனா பதினொண்ணு போவும்."

கட்டுக்கம்பி நாளுக்குச் சொந்தமில்லை. தளத்துக்கு நேராகவும் சொந்தமில்லை. அது கம்பிக்குச் சொந்தம்; கம்பி கூடினால் அதுவும் கூட வேண்டும். ஒரு பொருள் இன்னொரு பொருளைப் பின்தொடரும்படி எழுத ரிசோர்ஸ் ஷீட்டில் கட்டம் கிடையாது. எக்செலில் மாடிவாரியாகக் கம்பி டன்னைப் பத்தால் பெருக்கி, கிடைத்ததை ஒவ்வொரு கம்பி வேலைக்கும் நிலையான அளவாக ஒட்டினோம். நாலாம் மாடிக்கு 149 கிலோ. லேபிளில் கிலோ என்று எழுதி, சுருள் எத்தனை என்பதை நோட்ஸில் சேர்த்தோம், அவர் சுருளாகத்தான் கொடுப்பார் என்பதால். பத்தாம் மாடி வரை ஏற்றியாகிவிட்டது. அவர் போகும்போது ஸ்பேசர் கட்டை என்று நினைவூட்டிவிட்டுப் போனார். சதுர மீட்டருக்கு எத்தனை வைக்கிறார்கள் என்று நாளை காலை டூல்பாக்ஸ் மீட்டிங் முடிந்ததும் மேலே போய் எண்ணிப் பார்க்க வேண்டும்.